பதினாலாம் பெட்டின் வயிற்றுவலி

ஜூன் 3, செவ்வாய்

கல்லூரி கரஸ்பாண்டென்ட் இன்று என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதினொரு வருடத்தில் இது மூன்றாவது முறை. முதல்முறை உட்கார்ந்து எழுந்தபோது என் அறை மாடிப்படிக்கு அடியில் போயிருந்தது. இரண்டாம் முறை எழுந்தபோது என் மின்விசிறி மேட்ரன் செலின் அறையில் சுற்றிக்கொண்டிருந்தது. எனவே நின்றே கேட்கிறேன் என்றேன்.

"உக்காருங்க ஆவுடையப்பன். அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருது. மேல்படிப்புக்கு இடம் கேட்டிருக்கோம். பெட்டு நெறைஞ்சிருக்கணும், ஃபைலும் நெறைஞ்சிருக்கணும். பெட்டுக்கு ஆள் நான் கொண்டாரேன். ஃபைல நீங்க பாத்துக்கிடுங்க."

பிற்காலத்தில் என் வாழ்க்கை வரலாற்றை எழுதப்போகும் அறிஞர்களின் வசதிக்காகச் சில குறிப்புகள். நான் டாக்டர் சௌந்தரவல்லி நினைவு மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பதிவேட்டு அலுவலர். வயது ஐம்பத்து மூன்று. வாரப் பத்திரிகைகளுக்குச் சிரிப்புத் துணுக்கு எழுதுவேன். பத்து அனுப்பினால் ஒன்பது திரும்பி வரும். பத்தாவது தபாலில் தொலைந்துபோகும். கல்லூரியில் நான் எழுதுவது மட்டும்தான் ஒன்றுவிடாமல் சீல் குத்தி ஏற்கப்படுகிறது.

டாக்டர் சௌந்தரவல்லி இந்தக் கரிசல் பக்கத்துக்கு முதன்முதலில் வந்த பெண் மருத்துவர். மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்தவர். கரஸ்பாண்டென்ட் அவருடைய தம்பி பேரன். அத்தைப்பாட்டியிடமிருந்து இவருக்கு வந்து சேர்ந்த ஒரே மருத்துவ குணம், கசப்பு.

ஜூன் 5, வியாழன்

அறுபது பேருக்கு நோய் கொடுத்துவிட்டேன். கடவுளே ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்.

வேலை இப்படி. ஆய்வு நாளில் கட்டில்கள் காலியாக இருக்கக்கூடாது. எங்களிடம் உண்மையான நோயாளிகள் வருவதில்லை, ஏனென்றால் உண்மையான டாக்டர்கள் இருப்பதில்லை. அதனால் சுற்று ஊர்களிலிருந்து வேனில் ஆட்களை அழைத்து வந்து, சாப்பாடும் சேலையும் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். வருகிறவர்களுக்கு நோயும் அதன் வரலாறும் நான் தயாராக வைத்திருப்பேன். ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். படிக்க மாட்டார்கள். படித்தால் ரசிப்பார்கள்.

நுழைவுக் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் டாக்டரம்மாவின் மூன்று நோட்டுகள் இருக்கின்றன. நோயாளி என்ன சொன்னாரோ அதை அப்படியே தமிழில் எழுதி வைத்திருக்கிறார். 'நெஞ்சுக்குள்ள ஆட்டுரல் சுத்துது.' 'வயித்துக்குள்ள கொள்ளிக்கட்டைய வச்சுத் தேய்க்கிற மாதிரி.' எனக்குக் கற்பனை வறண்ட இடங்களில் அவற்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எண்பது வருடத்துக்கு முந்தைய வலிதானே, யார் கேட்கப் போகிறார்கள்.

எண்களில்தான் கலை இருக்கிறது. சர்க்கரை 400 என்று எழுதினால் பொய். 384 என்று எழுதினால் இலக்கியம். ஒன்பதாம் பெட்டுக்கு 384 கொடுத்தேன், மிக்ஸர் கொறித்துக்கொண்டே. வெறும் சர்க்கரை மொட்டையாக இருந்ததால் ஐந்து வருட இதய வீக்கத்தையும் சேர்த்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மேட்ரன் எனக்குக் காலை வணக்கம் சொன்னார். என்ன சதியோ தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

வேன் வந்தது. ஆண்களை மேல்தளத்துக்கு ஏற்றிவிட்டு, பெண்கள் வார்டுக்கு நானே போய் நோய்களை விநியோகித்தேன். ரேஷன் கடை மாதிரி வரிசை. "எனக்கு ஆஸ்துமா வேண்டாம் சார், போனவாட்டியும் அதான்" என்று ஒருத்தி சண்டை பிடித்தாள். அனுபவசாலி.

பதினாலாம் பெட்டில் சொர்ணம் என்ற பெண். வாய் துடுக்கு. அவளுக்கு வயிற்றுவலி கொடுத்தேன், நன்றாக நடிப்பாள். ஒன்பதில் முப்புடாதி, நாற்பத்தைந்து வயது, பருத்திக்காட்டு வேலை. அவளுக்குச் சர்க்கரை. அவள் ஏதோ முனகினாள். எனக்கு இன்னும் இருபது பேர் பாக்கி இருந்தார்கள்.

மேட்ரன் வேண்டுமென்றே என் பிழைப்பைக் கெடுக்கிறார். வாடகை நோயாளிகள் அறுபது பேருக்கும் வெப்பமானி வைத்து, நாடி பார்த்து, சார்ட் எழுதுகிறார்.

"மேட்ரன், இவங்க வேசம் கட்ட வந்தவங்க."

"என் வார்டுல படுத்தா பேஷண்டு. உங்க நாடகத்த உங்க ரூம்ல போடுங்க."

"என் ரூம்ல ஃபேன் இல்லையே."

"மூளை இருக்கவங்களுக்குத்தான் சூடு ஏறும். உங்களுக்கு எதுக்கு?"

அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே எல்லோரையும் ஏசித் தீர்த்துவிட்டு மிச்சத்தை எனக்கென்று கொண்டுவந்திருக்கிறார்.

ஜூன் 10, செவ்வாய்

குழு வரவில்லை. நாளை வருமாம்.

மாலையில் ஒத்திகை வைத்தேன். நானே ஆய்வாளர் மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாக நின்றேன்.

ஒன்பதில் கேட்டேன். "உங்களுக்கு என்னம்மா செய்யுது?"

"வயிறு வலிக்கி யய்யா. பொறுக்க முடியல."

"வயித்துவலி பதினாலுக்கு. உங்களுக்குச் சர்க்கரை. தாகமா இருக்கு, அடிக்கடி ஒண்ணுக்குப் போகுது, கால் மதமதங்குது. சொல்லுங்க."

"வயிறுதான் யய்யா வலிக்கி."

வார்டே சிரித்தது. நானும்தான். பதினாலாம் பெட்டிலிருந்து சொர்ணம், "யக்கா, என் சீக்க நீ எடுத்துக்கிட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றாள். மூன்று முறை சொல்லிக்கொடுத்த பிறகு முப்புடாதி பல்லைக் கடித்துக்கொண்டு, "தாகமா இருக்கு" என்றாள். இதைத் துணுக்காக எழுதி அனுப்பலாம்.

ஜூன் 11, புதன்

இன்றும் வரவில்லை. ஆட்கள் வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறார்கள். வெளி கேட் பூட்டியிருக்கிறது.

மேட்ரன் என் அறைக்கே வந்தார். பதினொரு வருடத்தில் முதல் விஜயம்.

"ஒன்பதாம் பெட் மூணு நாளா சாப்பிடல. பச்சத்தண்ணிகூட இறங்கல. டாக்டர் யாரையாச்சும் வரச் சொல்லுங்க."

"நாளைக்குப் பிரியாணி. அதுக்கு எடம் விட்டு வைக்கா."

அவர் திரும்பி நடந்துவிட்டார். வாயை அடைத்தேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு வார்டுக்குப் போனால், ஒன்பதின் கட்டிலில் மேட்ரன் மாட்டிய சார்ட்டில் காய்ச்சல் 102 என்று இருந்தது. என் கதையில் காய்ச்சலே கிடையாது. அவருடைய சார்ட்டை உருவிவிட்டு என்னுடையதை மாட்டினேன். எழுத்தாளனுடைய உரிமை.

போதாததற்குச் சொர்ணமும் முப்புடாதியும் கட்டில் மாறிக்கொண்டிருந்தார்கள். கேட்டால் சொர்ணம் சொல்கிறாள்: "அந்தக்கா முனங்கினா எல்லாரும் ஏசுதிய. என் பெட்டுல கெடந்தா முனங்கலாம்ல. எனக்கு வயித்துவலியும் ஒண்ணுதான், சர்க்கரையும் ஒண்ணுதான்."

யோசித்துப் பார்த்தால் நல்ல பாத்திரத் தேர்வு. ஆனால் அதற்காகப் பெயர்களை மாற்றி இரண்டு ஃபைலையும் மறுபடி எழுத வேண்டும். வேர்த்துக் கொட்டியது. விட்டுவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

வந்தார்கள். மூன்று பேர். கல்லூரியில் இன்று எல்லா அறையிலும் டாக்டர்கள்; போர்டில் ஒரு வருடமாகப் புகைப்படமாக மட்டும் இருந்தவர்கள் உயிரோடு நடமாடினார்கள்.

குழுத் தலைவர் பதினாலாம் பெட்டருகில் நின்றார். கட்டிலில் முப்புடாதி கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஃபைலைப் பார்த்தார். 'வயித்துக்குள்ள கொள்ளிக்கட்டைய வச்சுத் தேய்க்கிற மாதிரி' என்று உரக்க வாசித்தார்.

"நோயாளியோட சொந்த வார்த்தை. இப்பல்லாம் யாரு இப்படி எழுதுறாங்க? பிரமாதம்."

கரஸ்பாண்டென்ட் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

நாலு மணிக்கு மேல் ஏதோ நடந்தது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

எழுதவில்லை.

ஜூன் 14, சனி

எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்குக் குழு கரஸ்பாண்டென்ட் அறையில் முந்திரி கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. முப்புடாதி கட்டிலிலிருந்து கீழே விழுந்தாள். புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன் பெண் ஓடிவந்து பெயர் கேட்டாள். சொர்ணம் அழுதுகொண்டே சொன்னாள். அந்தப் பெண் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்தாள். முப்புடாதி என்ற பெயருள்ள ஃபைலை எடுத்தாள். சர்க்கரை 384. பரிசோதித்துப் பார்க்க அலமாரியைத் திறந்தால், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் பெட்டி காலி, கண்காட்சிக்கு வைத்தது. ஃபைலை நம்பி இன்சுலின் போட்டாள்.

அரை மணியில் முப்புடாதிக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஜில்லிட்டுப் போனது.

மேட்ரன் வந்தார். "நாலு நாள் பட்டினி கெடக்கிறவளுக்கு எங்கருந்துடி சர்க்கரை?" என்று அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டு, தானே குளுக்கோஸ் ஏற்றினார். பிறகு வராந்தாவில் நின்று சர்ஜனைக் கூப்பிட்டு அலறினார். ஆய்வு நாளாக இருந்ததால் எங்களிடம் சர்ஜன் இருந்தார். டாக்டர் நூர்தீன், மதுரையிலிருந்து வந்தவர். வயிற்றில் கை வைத்ததும் சொன்னார்:

"பலகை மாதிரி இருக்கு. குடல்ல ஓட்டை. இப்பவே திறக்கணும்."

மயக்க மருந்து டாக்டர் மாட்டேன் என்றார். ஃபைலில் ஐந்து வருட இதய வீக்கம் இருக்கிறதே. ஈ.சி.ஜி. எடுக்கலாம் என்றால் மெஷினுக்கு ஒயர் இல்லை. அதுவும் கண்காட்சிக்கு வந்ததுதான்.

"இது பொய்ன்னா எழுதினவர் வந்து பொய்ன்னு கையெழுத்துப் போடட்டும். யாரு வாய்ச்சொல்லையும் நம்பி நான் மருந்து ஏத்த மாட்டேன்."

கரஸ்பாண்டென்ட் வந்து தணிந்த குரலில் பேசினார். "அப்படி யாரும் எழுதல. வேன்ல ஏத்தி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

"ரெண்டு மணி நேரம் ஆகும். வழியிலயே போயிருவா" என்றார் மேட்ரன்.

"வழியில ஆனா வழியில ஆகட்டும். இன்னைக்கு இங்க ஆகக்கூடாது."

மேட்ரன் என் அறைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். நான் உடனே கிளம்பிப் போனேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியின் மேலேயே ஃபைலை வைத்து, பதினொரு பக்கத்திலும் 'இந்தப் பக்கம் பொய். ஆ. ஆவுடையப்பன்' என்று எழுதிக் கொடுத்தேன். அதுவரை வேனை எடுக்கவிடாமல் மேட்ரன் டிரைவரின் சாவியைத் தன் இடுப்பில் வைத்திருந்தார்.

கை கழுவ வந்த குழுத் தலைவர் எட்டிப் பார்த்தார். என்ன இது என்றார். "பழைய பதிவேடு சரிபார்ப்பு" என்றார் கரஸ்பாண்டென்ட். "ரொம்ப ஒழுங்கா வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆபரேஷன் முடிந்தது. அவள் இன்னும் கண் திறக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கண் திறக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

இரண்டு கடிதங்கள். ஒன்று கல்லூரிக்கு: மேல்படிப்பு இடங்களுக்குப் பரிந்துரை, பதிவேடுகள் தனியாகப் பாராட்டப்பட்டிருக்கின்றன. இன்னொன்று எனக்கு: நிர்வாகத்துக்குத் தெரியாமல், சொந்த நகைச்சுவை ஆர்வத்தால், நோயாளிகளின் ஃபைல்களில் பொய்த் தகவல்கள் எழுதியதற்காகத் தற்காலிகப் பணிநீக்கம், மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும்.

அறுபது பேரையும் வேனில் அழைத்துவந்ததும் என் நகைச்சுவை ஆர்வம்தான் போலிருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

வீட்டில் இருக்கிறேன். என் மனைவி வடிவுக்கு ஊரில் எல்லாம் தெரியும். சொர்ணம் அவளுக்குத் தூரத்துச் சொந்தமாம். இட்லி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"மேட்ரன் உங்களத் தேடி வந்தது நாலே முக்காலுக்கு. நீங்க தியேட்டர் வாசலுக்குப் போனது அஞ்சரைக்குன்னு சொர்ணம் சொல்லுதா. நடுவுல எங்க இருந்திய?"

"ஃபைல் தேடிக்கிட்டு இருந்தேன்."

"ஃபைலு வார்டுலல்லா இருந்துச்சு."

சட்னி காரம் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

சனிக்கிழமை 'உடனே' என்று எழுதியிருக்கிறேன். அது பொய். 45 என்று முழு எண்ணில் எழுதினாலும் பொய்; ஒளிந்திருந்தது 43 நிமிடம். மேட்ரன் கதவைத் தட்டினார். நான் கடைசி ராக்குக்குப் பின்னால் பழைய பிரசவப் பதிவேடுகளின் மேல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருக்கிறது தெரியும் என்றார். இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டாவது முறை தட்டியபோது ஏசினார். மூன்றாவது முறை ஏசவில்லை.

"சார், நான் போய்ச் சொன்னா செல்லாது. உங்க கையெழுத்துதான் செல்லும். நான் இங்கயே நிக்கேன்."

அந்த மனுஷி ஏசியிருந்தால் வெளியே வந்திருக்க மாட்டேன்.

ஜூன் 18, புதன்

முப்புடாதி கண் திறந்துவிட்டாள். காலையில் போனில் சொன்னது மேட்ரன். சொல்லிவிட்டு, வணக்கம் வைக்காமல் துண்டித்தார்.

மத்தியானம் கரஸ்பாண்டென்ட் கார் அனுப்பிக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

"யோசிச்சுப் பாத்தேன் ஆவுடையப்பன். ஒரு புது ஃபைல் போடுங்க. அந்தப் பொம்பள வியாழக்கிழமை சாயங்காலம்தான் ஆபத்தான நிலையில வந்தா. வந்த உடனே திறந்து காப்பாத்தினோம். அத்தைப்பாட்டி வழியில ஏழைக்கு இலவச சிகிச்சை. நிறுவனர் நாள் மலர்ல போடுவோம். உங்க சஸ்பென்ஷனும் போயிரும்."

"அவ திங்கக்கிழமையே வந்தா சார்."

"அது எந்த ஃபைல்ல இருக்கு?"

உண்மைதான். எந்த ஃபைலிலும் இல்லை. இருந்ததை நான் உருவினேன், மீதியில் நானே பொய் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"நாளைக்குள்ள முடிங்க. நூர்தீன் நாளைக்குத் தையல் பாக்க வாரார். ஃபைல் இல்லாம தொட மாட்டேங்காராம்."

வெற்றுத்தாள் கட்டைக் கையில் கொடுத்தார். ஓய்வுபெற இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. வேறு எந்த ஆஸ்பத்திரி என்னை எடுக்கும்? சிரிப்புத் துணுக்குப் பத்திரிகைகள்கூட மூடிக்கொண்டிருக்கின்றன.

வடிவு இன்று சட்னியில் காரமே போடவில்லை.

ஜூன் 19, வியாழன்

காலை பத்து மணிக்கு வார்டுக்குப் போனேன். சஸ்பென்ஷனில் இருப்பவன் உள்ளே வரலாமா என்று வாட்ச்மேன் யோசித்தான். "விடு" என்றார் மேட்ரன். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

முப்புடாதியின் பக்கவாட்டில் பை தொங்கியது. கொஞ்ச மாதத்துக்கு மலம் அதில்தான் போகுமாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி. உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டேன். பதினொரு வருடத்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு வரலாறு எழுதியவன், ஒருவரிடம்கூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

"நீதான எனக்குச் சர்க்கரைன்னு எழுதுனவன்?"

"ஆமா."

"இப்ப என்ன சீக்கு கொண்டாந்திருக்க?"

"ஒண்ணும் கொண்டாரல. நீங்க சொல்லுங்க, எழுதுதேன். எப்ப ஆரம்பிச்சுது?"

அவள் என் மடியிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காட்டில் குனிந்தபோது கத்தி சொருகினாற்போல் வலித்தது. கூலிக்கு ஆள் பிடிக்கிற மேலமடைக்காரர் வேனில் ஆள் எடுக்கிறார் என்றார்கள். போவது ஆஸ்பத்திரிக்கு என்றதும், அப்படியே வயிற்றையும் காட்டிவிடலாம் என்று ஏறினாள்.

இந்த இடத்தில் என் பேனா நின்றது. அறுபது பேரில் ஒருத்தி வைத்தியத்துக்கென்று ஏறியிருக்கிறாள்.

"எழுதுனியா?"

"எழுதுதேன்."

"திங்கக்கெழம உன் கையப் புடிச்சு எடுத்து வயித்துல வச்சுச் சொன்னேன். எங்க வலிக்குன்னு. நீ கைய உதறிட்டு, துண்டுல தொடச்ச. அதையும் எழுது."

மேட்ரன் மருந்துத் தட்டோடு பின்னால் நின்றிருந்தார். திங்கட்கிழமை நான் இதை இந்த டைரியில் எழுதவில்லை. முனகினாள் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

எழுதினேன். ஒன்பதாம் பெட், திங்கள், காலை. நோயாளி பதிவேட்டு அலுவலரின் கையைத் தன் வயிற்றில் வைத்துக் காட்டினார். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். புதன்கிழமை காய்ச்சல் 102. அந்தச் சார்ட்டை உருவியவர் அவரே. வியாழக்கிழமை நோயாளிக்கு இல்லாத சர்க்கரைக்கு இன்சுலின் போடப்பட்டது. அந்த எண்ணை உண்டாக்கியவரும் அவரே. எப்படி வந்தார் என்ற இடத்தில், 'நிர்வாகம் அனுப்பிய வேனில்' என்று எழுதினேன். மொத்தம் மூன்று பக்கம். ஒரு வரிகூடச் சுவாரசியமாக இல்லை.

வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். ஒரு இடத்தில் நிறுத்தி, "கத்தி இல்ல, கதிரருவா" என்று திருத்தினாள். திருத்தினேன். கைநாட்டுக்கு மையை நீட்டியபோது, "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்" என்று பேனாவைப் பிடுங்கி, நிதானமாகப் பெயர் எழுதினாள். அதன் கீழே நான். சாட்சியாக மேட்ரன். டாக்டர் நூர்தீன் வார்டுக்குள் வந்தார். மேட்ரன் ஃபைலை என் கையிலிருந்து வாங்கி நேரே அவரிடம் கொடுத்தார். அவர் நின்றபடியே முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார். வாசலில் கரஸ்பாண்டென்டின் செருப்புச் சத்தம் கேட்டது.

முப்புடாதியிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன்.

"எழுதி முடிச்சாச்சுல்ல?" என்றாள்.

"முடிச்சாச்சு."

"அப்ப எந்திரி. எம்மவ அந்தா நிக்கா. காலைலருந்து உக்காரல."

எழுந்தேன்.